ஐந்து மணிக்குக் குக்கருக்குள் போகும் கைப்பேசி

என் மனைவி கார் லைசென்ஸ் பரீட்சையில் இரண்டாவது தடவையும் தோற்றுவிட்டு வீட்டுக்கு வந்த அன்று நான் அவளுக்கு ஆறுதல் சொல்லவில்லை. சொல்லக்கூடாது என்றில்லை, நேரம் கிடைக்கவில்லை. நாற்காலியில் சாய்ந்தபடி, புலனத்தில், அதாவது வாட்ஸ்அப்பில், எங்கள் தோட்டத்து நண்பர்கள் குழுவுக்கு ஒரு நகைச்சுவை எழுதிக்கொண்டிருந்தேன். எதைப் பற்றிய நகைச்சுவை என்று இப்போதே சொன்னால் நீங்கள் அடுத்த பத்திக்கு வரமாட்டீர்கள். போகப் போகச் சொல்கிறேன்.

நான் லாபு பக்கத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் கிராணி. ஆபீசில் உட்கார்ந்து ஆள் வந்த விவரம், பழக்குலை போன விவரம், மழை பெய்த விவரம் எல்லாம் எழுதுகிறவன். விடியற்காலையில் பெரட்டு நடக்கும். வேலைக்கு வந்தவர்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடுவோம். இப்போது அந்தப் பெரட்டும் கைப்பேசியில்தான். வரிசையைப் படம் எடுத்து மேனேஜருக்கு அனுப்ப வேண்டும். குலை ஏற்றினால் படம், லோரி கிளம்பினால் படம், அந்த லோரி லோங்கானில், ரோட்டோரச் சாக்கடையில், இறங்கினால் நாலு பக்கத்திலிருந்தும் நாலு படம். ஆக, கைப்பேசி எனக்கு வேலைக் கருவி. கத்தி இல்லாமல் குலை வெட்ட முடியுமா? இதைத்தான் பல வருடமாக என் மனைவியிடம் சொல்லி வந்தேன்.

"குலை வெட்டுறவன் கத்தியப் படுக்கைக்கா எடுத்துட்டுப் போறான்?" என்று கேட்டாள். பதில் இல்லாத கேள்விகளை அவள் சமைக்கும்போதுதான் கேட்பாள். கையில் கரண்டி இருக்கும்.

நாலரைக்கு வேலை முடியும். அதற்குப் பிறகுதான் எனக்கு உண்மையான வேலை தொடங்கும். கோயில் கமிட்டிக் குழு, கோயில் கமிட்டியோடு சண்டை போட்டுப் பிரிந்தவர்களின் குழு, தமிழ்ப் பள்ளியில் என்னோடு படித்தவர்கள், என் சொந்தம், அவள் சொந்தம், அப்புறம் நண்பர்கள் குழு. எல்லாவற்றிலும் நான்தான் ஆஸ்தானக் கோமாளி. யாராவது ரோஜாப்பூ படத்தோடு "மாலை வணக்கம்" போட்டால், "பூ வாடிடுச்சு, தண்ணி ஊத்து லா" என்று போட்டுவிட்டு, எத்தனை சிரிப்பு முகம் விழுகிறது என்று பார்ப்பேன். ஐந்து விழுந்தால் சாப்பாடு இறங்கும். இரண்டு விழுந்தால் உப்புக் குறைகிறது என்பேன்.

இப்படிப்பட்ட ஒருவனை நம்பித்தான் என் மனைவி லைசென்ஸ் எடுக்கக் கிளம்பினாள்.

அவளுக்கு அது விளையாட்டு இல்லை. எங்கள் தோட்டத்து ஆயாக்கொட்டகையில், அதாவது வேலைக்குப் போகிறவர்களின் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடத்தில், பதினான்கு வருடம் இருந்தவள். இப்போது தோட்டத்தில் குலை வெட்டுகிறவர்கள் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து தனியாக வந்த ஆண்கள். அவர்களைத் தூளியில் போட்டு ஆட்ட முடியாது. கொட்டகையை மூடிவிட்டார்கள். வீட்டில் உட்கார்ந்த இரண்டு வாரத்திலேயே அவள் என்னைத் தூங்க வைக்க, எழுப்ப, மூக்கைத் துடைக்க ஆரம்பித்துவிட்டாள். அப்போதுதான் எட்டு மைல் தள்ளி ஒரு பாலர் பள்ளியில் வேலை வந்தது. அந்தப் பள்ளியின் தலைமை ஆசிரியைக்கு இவளைப் பிடித்துப் போய்விட்டது. ஒரே நிபந்தனை, காலை ஏழு மணிக்குப் பிள்ளைகள் வரும்போது வாசலில் நிற்க வேண்டும். அந்த நேரத்தில் எங்கள் பக்கம் பஸ் கிடையாது. நான் கொண்டுபோய் விட முடியாது, பெரட்டு. அடுத்த வருடம் பள்ளி திறக்கும் வரைக்கும் இடத்தைப் பிடித்து வைப்பதாகச் சொன்னார். அதற்குள் லைசென்ஸ் இல்லையென்றால் வேறு ஆளைப் பார்ப்பாராம். நியாயம்தான். இரண்டு பரீட்சை போய்விட்டது. பள்ளி திறப்பதற்கு முன்னால் இன்னும் ஒன்றே ஒன்றுக்குத்தான் நாள் கிடைத்தது.

நாள் கிடைத்த அன்று என் முன்னால் வந்து நின்றாள்.

"மைதானத்துல எல்லாமே பாஸ். மேட்டுல நிறுத்தி ஏத்துறேன், பார்க்கிங் போடுறேன். ரோட்டுலதான் ரெண்டு தடவையும் போச்சு. ஏன்னு எனக்கே தெரியல. நீங்க பக்கத்துல ஒக்காந்து பாத்துச் சொல்லணும்."

"தினமும் பக்கத்துலதானே ஒக்காறேன்?"

"ஒக்காந்தீங்க. பாக்கல."

அது பொய் இல்லை. கற்றுக்கொள்கிறவர்கள் சொந்தக் காரைப் பெரிய ரோட்டுக்குக் கொண்டு போகக் கூடாது என்பதால், சாயங்காலங்களில் எங்கள் பழைய கியர் காரைத் தோட்டத்துக்குள் இருக்கும் செம்மண் ரோட்டில்தான் ஓட்டிப் பழகினாள். இடது பக்கத்தில் நான், என் கையில் கைப்பேசி. ஒரு நாள் தலை நிமிராமலே, "நல்லா ஓட்டுற, இப்படியே போ," என்றேன். வண்டி நின்று ஐந்து நிமிடம் ஆகியிருந்தது. அவள் இறங்கிப் போய், வழியில் விழுந்து கிடந்த மட்டையை இழுத்துப் போட்டுவிட்டு வந்திருக்கிறாள்.

எனவே ஒப்பந்தம் போட்டாள். ஐந்திலிருந்து ஏழு வரை கைப்பேசி அவளிடம். எங்கே வைப்பது என்று வீடு முழுக்கத் தேடி, கடைசியில் கல்யாணத்துக்கு வந்த பெரிய குக்கரை இறக்கினாள். உள்ளே போட்டு, மூடியைத் திருகிப் பூட்டி, அலமாரியின் மேல்தட்டில் ஏற்றினாள். வீட்டில் நான் திறக்கத் தெரியாத ஒரே பொருள் அந்தக் குக்கர்தான் என்பது அவளுக்குத் தெரியும்.

"மேனேஜர் கூப்பிட்டா?"

"ரெண்டு லய வரிசை தாண்டித்தானே அவரு வீடு. ஆள் விட்டுக் கூப்பிடட்டும். இல்ல, கத்தட்டும்."

முதல் நாளே கூப்பிட்டார் போல. குக்கர் அலமாரியில் கர்ர்ர் என்று உறுமி நகர்ந்தது. பக்கத்து வீட்டு அம்மா சன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். "என்ன லா அது? கொண்டக்கடலையா? விசிலே வரல, உறுமுது?"

"கடல இல்லக்கா, இவரோட உயிரு," என்றாள் என் மனைவி.

நான் அவ்வளவு சுலபமாகத் திருந்துகிற ஆள் இல்லை. இரண்டாம் நாள், கண்ணாடி விரிசல் விட்ட பழைய கைப்பேசி ஒன்றைக் கார் சீட்டுக்கு அடியில் ஒளித்து வைத்தேன். முதல் இறக்கத்தில் அவள் பிரேக் போட்டதும் அது வழுக்கிக்கொண்டு போய் அவள் காலடியில் நின்றது, வளர்த்த நாய் மாதிரி. குனிந்து எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அன்றிலிருந்து குக்கருக்குள் இரண்டு. மூன்றாம் நாள், என் பிறந்தநாளுக்கு மகள் வாங்கிக் கொடுத்த கைக்கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு போனேன். அதில் செய்திகள் வந்து விழும். வீட்டு வாசலைத் தாண்டிக் கைப்பேசியை விட்டு விலகிவிட்டால் அது வெறும் கடிகாரம் என்பது எனக்குத் தெரியாது. இரண்டு மணி நேரமும் அது எனக்கு மணியை மட்டுமே காட்டியது. ஒரு நிமிடம் எவ்வளவு நீளம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பெரட்டில் நிற்கிறவர்கள் ஏன் கொட்டாவி விடுகிறார்கள் என்பதும் புரிந்தது.

ஏழு மணிக்குக் குக்கரைத் திறக்கும்போது பக்கத்திலேயே நிற்பேன். இரண்டு மணி நேரம் நான் இல்லை, தோட்டம் என்ன ஆயிற்றோ! நூற்றுச் சொச்சம் செய்திகள் இருக்கும். பாதி ரோஜாப்பூ. யாரோ வளர்க்கும் பூனை. கோயில் கமிட்டியும் பிரிந்த கமிட்டியும் ஒரே அன்னதானப் படத்தைப் போட்டுத் தங்களுடையது என்று சொல்லிக்கொண்டிருக்கும். முதல் நாள் உறுமியதற்கு மேனேஜர் எழுதியிருந்தது இதுதான்: 'வேண்டாம். கிடைத்துவிட்டது.' எது கிடைத்தது என்று இன்றுவரை தெரியாது. நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். எனக்கென்னவோ அவமானமாக இருந்தது.

சரி, வேறு வழியில்லாமல் அவள் ஓட்டுவதைப் பார்த்தேன். ஒரு வாரம் முழுக்கப் பார்த்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு குறையும் கண்டுபிடிக்க முடியவில்லை. எங்கள் தோட்டம் மேடும் பள்ளமும். ரோடு குன்றைச் சுற்றிச் சுற்றிப் போகும். செம்பனை மட்டைகள் மறைப்பதால் வளைவுக்கு அந்தப் பக்கம் என்ன வருகிறது என்று தெரியாது. குலை டிராக்டர் வரலாம், லோரி வரலாம், மாடு படுத்திருக்கலாம். அதனால் இங்கே பிறந்தவர்கள் எல்லாரும் வளைவுக்கு முன்னால் இரண்டு தடவை ஹார்ன் அடித்துவிட்டுத்தான் திரும்புவோம். சைக்கிளில் போகிறவர்கள்கூட "ஹோய்" என்று ஒரு குரல் கொடுப்பார்கள். என் மனைவி ஒரு வளைவையும் விடவில்லை. பாம் பாம். அழகாகத் திரும்பினாள். எதிரே வருகிறவர்களுக்குக் கை தூக்கினாள். லோரி வந்தால் புல்லில் ஒதுங்கி நின்றாள்.

"பிரமாதம்," என்றேன்.

"அப்புறம் ஏன் பெயிலு?"

"அந்த ஆபீசருக்கு ஒன்னப் பாத்துப் பொறாம."

அவள் சிரிக்கவில்லை. சிரிப்பு முகம் எண்ணிப் பழகியவனுக்கு, எதிரில் இருக்கும் ஒரு முகம் சிரிக்காதது உடனே தெரியும்.

அடுத்த வாரம் ஒரு சாயங்காலம், குலை கொட்டும் மேடைக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தியிருந்தோம். எங்கள் மண்டோர் மோட்டார் சைக்கிளில் வந்து அவள் சன்னலோரம் நின்றார். வெட்டு வேலையை மேய்க்கிறவர். என் வயதுதான், நண்பர்கள் குழுவிலும் இருக்கிறார்.

"என்ன தங்கச்சி, மூணாவது ரவுண்டா? இந்தத் தடவ அந்த ஹார்ன மட்டும் தொட்டுடாத. பாசுதான்."

"ஹார்னா? ஹார்ன்னு யாருண்ணே சொன்னா?"

"கிராணிதான் போட்டாரே, அந்தப் பரீட்சைப் பாரத்த. குரூப்புல. அதுலதானே எழுதியிருந்திச்சு, காரணம் இல்லாம ஹார்ன் அடிச்சிருக்குன்னு. நான்கூட அப்பவே கீழ எழுதினேன், வீட்டுல சொல்லுங்க கிராணின்னு."

என் பக்கம் திரும்பி, "சொல்லலியா?" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். பிறகு அவள் முகத்தை. "சரி, மழ வர்ற மாதிரி இருக்கு," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். வானம் வெளிறிக் கிடந்தது.

இப்போது அந்த நகைச்சுவையைச் சொல்லிவிடுகிறேன். இரண்டாவது பரீட்சையில் தோற்று வந்தவள், ஆபீசர் கொடுத்த பாரத்தை, அதாவது பரீட்சைப் படிவத்தை, என்னிடம் நீட்டி, "கீழ ஏதோ கிறுக்கியிருக்காரு, எழுத்துப் புரியல. ஏன் பெயிலுன்னு படிச்சுச் சொல்லுங்க," என்றாள். நான் "ம்" என்றேன். பாரத்தைப் படம் எடுத்தேன். அதற்கு மேலே இப்படி எழுதினேன்: 'எங்கள் வீட்டு ஓட்டுநர் மீண்டும் தோல்வி. தோட்டத்து லோங்கான்களுக்கான எச்சரிக்கை நீட்டிக்கப்படுகிறது.' குழுவில் போட்டேன். அவள் திரும்ப வந்து கேட்டபோது, "ஒண்ணும் இல்ல, பொதுவா எழுதியிருக்காரு," என்றேன். படிக்கவே இல்லை. முப்பத்தெட்டுப் பேருக்கு அனுப்பினேன், நான் படிக்கவில்லை.

அவள் வண்டியைக் கிளப்பினாள். வீடு வரைக்கும் ஏழு வளைவு. ஒன்றில்கூட ஹார்ன் அடிக்கவில்லை. ஐந்தாவது வளைவில் எதிரே டிராக்டர். ஒரு முழ இடைவெளியில் நிறுத்தினாள். நான் கண்ணை மூடிக்கொண்டு மாரியாத்தா என்றேன். என் உயிரைப் பற்றி அவளுக்கு அந்த நேரத்தில் பெரிய அக்கறை இருந்ததாகத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் குக்கரை இறக்கித் திறந்தாள். மணி ஆறுகூட ஆகவில்லை. கைப்பேசியை எடுத்து என் முன்னால் மேசையில் வைத்தாள்.

"வச்சுக்குங்க. இனிமே நீங்க வர வேணாம்."

பின்பக்கம் போய்ச் செடிகளுக்குத் தண்ணீர் விட ஆரம்பித்தாள். நான் கேட்காமலே, ஒரு மணி நேரம் முன்னதாகவே என் கைப்பேசி என்னிடம் வந்துவிட்டது. தொடக்கூடப் பிடிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து எடுத்தேன். நண்பர்கள் குழுவில் மேலே மேலே தள்ளிக்கொண்டு போனேன். அந்தப் பாரம் கிடைத்தது. பெரிதாக்கிப் பார்த்தேன். மலாயில் கோழி கிளறியது போல எழுத்து. 'ஹோன் தன்பா செபாப்.' காரணமில்லாமல் ஹார்ன். பக்கத்தில் எண்: ஒன்பது. ரோட்டில் இருந்த வளைவு ஒவ்வொன்றுக்கும் எங்கள் தோட்டத்து வழக்கப்படி பாம் பாம் அடித்திருக்கிறாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆபீசர் ஒவ்வொன்றாகக் குறித்திருக்கிறார். கீழே மண்டோர் எழுதியதும் இருந்தது. அதற்கு நான் ஒரு சிரிப்பு முகம் போட்டிருந்தேன்.

பின்பக்கம் போனேன். கறிவேப்பிலைக்குத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது.

"ஹார்ன்தான். ஒம்பது தடவ."

அவள் திரும்பவில்லை. "எத்தன பேரு சிரிச்சாங்க?"

"அப்படி யாரும் ரொம்ப..."

"எத்தன பேரு?"

"பதினேழு."

"எண்ணி வச்சிருக்கீங்க."

கையிலிருந்த கைப்பேசியைச் சட்டைப் பைக்குள் போட்டேன்.

"படிச்சுச் சொல்லுங்கன்னுதான் கேட்டேன். ரெண்டு மாசமா தப்ப தப்பாவே பழகிக்கிட்டு இருக்கேன். நீங்க பக்கத்துல ஒக்காந்து பிரமாதம்ங்கிறீங்க. அந்த வேல போயிருச்சுன்னா, அந்தப் பதினேழு பேரா வந்து எனக்கு வேல வாங்கித் தருவாங்க பாலர் பள்ளில?"

"தப்புதான்."

"தப்புதான்" என்பதோடு நிறுத்தினேன். பின்னால் ஒரு நகைச்சுவை ஒட்டவில்லை. எனக்கு அது புது அனுபவம். அவளுக்கும் புதிதாக இருந்திருக்க வேண்டும். ரப்பர் குழாயை மெல்ல என் பக்கம் திருப்பினாள். முட்டிக்குக் கீழே முழுக்க நனைந்துவிட்டது. மன்னிப்பு என்று சொல்ல முடியாது. பேச்சு வார்த்தை தொடங்கிவிட்டது என்று சொல்லலாம்.

அன்றைக்கே குழுவில் எழுதினேன்: 'என் மனைவியின் பாரத்தை அவளிடம் கேட்காமல் இங்கே போட்டது தவறு. மன்னிக்கவும்.' அதற்கும் பதினொரு பேர் சிரித்தார்கள். ஒருவர், 'கிராணி இன்று செம ஃபார்ம்' என்று எழுதினார். ஆயுசு முழுக்க நகைச்சுவை பண்ணினால் மன்னிப்புக் கேட்கக்கூட வேறு ஊருக்குத்தான் போக வேண்டும் போலிருக்கிறது. கைப்பேசியை நானே குக்கருக்குள் போட்டேன். மூடியைத் திருகத் தெரியாமல் அவளைத்தான் கூப்பிட்டேன்.

பரீட்சைக்கு ஒன்பது நாள். காரணம் தெரிந்துவிட்டது. ஆனால் கை கேட்க வேண்டுமே. வளைவைக் கண்டதும் அவள் உள்ளங்கை தானாக ஹார்ன் மேல் போய் உட்கார்ந்தது. அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். நெற்றியில் வைக்கும் ஸ்டிக்கர் பொட்டைத் தலைகீழாக, பசை மேலே இருக்கும்படி, ஹார்ன் மேல் ஒட்டி வைத்தாள். கை பட்டால் பொட்டு உள்ளங்கைக்கு வந்துவிடும். முதல் நாள் உள்ளங்கையில் ஆறு பொட்டு. பரதநாட்டியம் ஆடப் போகிறவள் மாதிரி இருந்தாள். அதைச் சொல்ல வாய் வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டேன்.

இன்னொரு சிக்கல் இருந்தது. தோட்டத்து வளைவில் ஹார்ன் அடிக்காமல் திரும்புவது என்றால், எதிரே வரும் டிராக்டருக்கு யார் சொல்வது? அந்தப் பதவிக்கு என்னை நியமித்தாள். நான்தான் ஹார்ன். இரண்டு வளைவுக்கு நடுவில் இருக்கும் மேட்டில், இரண்டு பக்கமும் தெரிகிற இடத்தில், கையில் ஒரு சிவப்புத் துண்டோடு நிற்க வேண்டும். டிராக்டர் வந்தால் துண்டை ஆட்டி நிறுத்த வேண்டும். அவள் சத்தமில்லாமல் திரும்பிப் போன பிறகு அனுப்ப வேண்டும். கைப்பேசி பார்க்கிறவனால் இந்த வேலையைச் செய்ய முடியாது. ஒரு நொடி குனிந்தால் பெண்டாட்டி போய்விடுவாள்.

முதல் இரண்டு நாள் ரொம்பக் கஷ்டம். தொடையில் கைப்பேசி அதிர்வது போலவே இருக்கும். பைக்குள் கையை விட்டால் ஒரு புளிப்பு மிட்டாய்தான் இருக்கும். டிராக்டர் ஓட்டுகிற இந்தோனேசியக்காரர் என்னைப் பார்த்ததும் வண்டியை நிறுத்திக் கும்பிடு போட்டார். "பாக் கிராணி, சுடா ஜாடி போலிஸ்?" போலீஸ் ஆகிவிட்டீர்களா என்று கேட்டார். அவர் எதிரில் வந்த இன்னொருவரிடம் சொல்ல, மறுநாள் ஆறு பேர் வேலை முடிந்து என்னைப் பார்க்கவே அந்த வழியாக நடந்து வந்தார்கள். சும்மா இல்லை, வேர்க்கடலை வாங்கிக்கொண்டு. இத்தனை வருடம் கைப்பேசியில் எழுதி எழுதி வாங்கிய சிரிப்பையெல்லாம் ஒரு துண்டும் நானும் சேர்ந்து ஒரே சாயங்காலத்தில் வாங்கிவிட்டோம். இதை எண்ணவும் முடியவில்லை. டிராக்டர் வந்துகொண்டே இருந்தது.

ஐந்தாம் நாள் மேனேஜரின் ஜீப் வந்தது. துண்டை ஆட்டினேன். நின்றார். கண்ணாடியை இறக்கி, "கிராணி, மூணு தடவ போன் பண்ணேன்," என்றார்.

"குக்கர்ல இருக்குங்க ஐயா."

"எதுல?"

விளக்குவதற்குள் என் மனைவி வந்துவிட்டாள். வளைவுக்கு முன்னால் வேகத்தைக் குறைத்து, இடது ஓரம் ஒட்டி, சத்தமே இல்லாமல் திரும்பி, ஜீப்பைப் பார்த்து அளவாக விலகிப் போனாள். கை தூக்கவும் இல்லை. பரீட்சையில் இரண்டு கையும் ஸ்டீயரிங்கில் இருக்க வேண்டும். மேனேஜர் அவள் போவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எதுக்குங்க கூப்பிட்டீங்க?" என்றேன்.

"காலையில மழ எத்தன மில்லி?"

"பன்னண்டு."

"ஆங். அதுதான்." கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போய்விட்டார். நான் அவரைச் சந்தேகமாகப் பார்த்தபடி நின்றேன். பன்னிரண்டு மில்லிக்கு மூன்று அழைப்பு. அவர் வீட்டிலும் ஒரு குக்கர் இருந்தால் நல்லது.

எட்டாம் நாள் உள்ளங்கையில் ஒரே ஒரு பொட்டு. ஒன்பதாம் நாள் ஒன்றுமில்லை. இரண்டு நாளுமே நான் பிரமாதம் என்று சொல்லவில்லை. "ரெண்டாவது வளைவுல சிக்னல் கொஞ்சம் லேட்டு," என்றேன். அவள் முகம் மலர்ந்துவிட்டது.

பரீட்சை அன்று பெரட்டை முடித்துவிட்டு அரை நாள் லீவு எடுத்தேன். தகரக் கூரை போட்ட கொட்டகையில், பாரமும் தண்ணீர்ப் போத்தலுமாகப் பத்துப் பதினைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். எல்லார் தலையும் குனிந்து அவரவர் கைக்குள் இருந்தது. என் கைப்பேசியும் பையில்தான் இருந்தது, அணைத்து வைத்திருந்தேன். அவள் ஆபீசரோடு ரோட்டுக்குப் போய்விட்டாள். கொட்டகையிலிருந்து ரோடு தெரியாது. சத்தம் மட்டும் கேட்கும். நான் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். லோரி, மோட்டார், மறுபடி லோரி. பக்கத்தில் மகளுக்காகக் காத்திருந்த மலாய்க்கார அம்மா ஒருவர், உடம்பு சரியில்லையா என்று கேட்டார்.

அப்போது ஒரு ஹார்ன்.

ஒரே ஒரு தடவை. பாம். வண்டி டிரைவிங் பள்ளியுடையது, ஆனால் அவள் அடிக்கும் விதம் எனக்குத் தெரியாதா? ஒன்பது நாள் அதற்குப் பதிலாக நின்றவன் நான். போயிற்று, பொட்டு ஒட்டாத ஹார்ன், பழைய கை. பாலர் பள்ளி வாசலில் வேறு யாரோ நிற்பதைக் கண் முன்னால் பார்த்தேன்.

பத்து நிமிடம் கழித்து வண்டி திரும்பி வந்தது. அவள் இறங்கி நடந்து வந்தாள். பதினான்கு வருடம் பிள்ளை மேய்த்த முகம். அதில் ஒன்றும் படிக்க முடியாது.

"ஹார்ன் கேட்டுச்சு," என்றேன்.

"நான்தான் அடிச்சேன். ஒரு தாத்தா மோட்டார்ல சந்துலேர்ந்து பாக்காமலே வந்துட்டாரு. அடிக்காம என்ன பண்றது, ஏத்தவா முடியும்?"

"ஆபீசர் என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல. எழுதினாரு." பாரத்தை நீட்டினாள். "படிங்க."

நான் நேராக அடிவரிக்குப் போனேன்.

"அங்க இல்ல. மேலேருந்து. சத்தமா."

படித்தேன். சீட் பெல்ட், சரி. சீட்டைச் சரிசெய்தது, சரி. கண்ணாடி பார்த்தது, ஒரு இடத்தில் குறை. சிக்னல், சரி. என் மலாய் உச்சரிப்பைக் கேட்டுக் கொட்டகையில் இரண்டு மூன்று தலைகள் நிமிர்ந்தன. வேகம், சரி. வளைவு, சரி. அதற்குக் கீழே அதே கோழி கிளறல். கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டு போனேன், தூரமாகப் பிடித்தேன். 'ஹோன், சத்து காலி, பெத்துல்.' ஒரு தடவை, முறைப்படி. அதற்கும் கீழே:

"லுலுஸ்," என்றேன். "பாஸ்!"

மலாய்க்கார அம்மா கை தட்டினார். என் மனைவி பாரத்தை என் கையிலிருந்து வாங்கி நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். நான் படம் கிடம் எடுத்துவிடுவேனோ என்ற பயம் இருந்திருக்கலாம். பிறகு தன் கைப்பேசியை எடுத்துக்கொண்டு வேலி ஓரமாகப் போனாள்.

"டீச்சர், நான்தான்... ஆமா டீச்சர், இப்பத்தான்... இல்ல இல்ல, அவரு கொண்டாந்து விட மாட்டாரு, நானே ஓட்டிக்கிட்டு வருவேன்... ஏழு மணி என்ன டீச்சர், ஆறே முக்காலுக்கே வந்துடறேன். ஒரு பிள்ள மின்ன வந்துச்சுன்னா தனியா நிக்குமே."

பக்கத்தில் போய், "வண்டி நிறுத்த எடம் இருக்கான்னு கேளு," என்றேன்.

அவள் பேச்சை நிறுத்தாமலே ஒரு கையைத் தூக்கி என்னை ஓரமாக நிற்கச் சொன்னாள். அவர்கள் சம்பளம், சீருடை, பிள்ளைகளுக்குக் காலையில் என்ன சாப்பாடு என்று பேசி முடிக்க இருபது நிமிடம் ஆனது. நான் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்று முழுவதையும் கேட்டேன்.